மஞ்சள் பூசினால் மரபாகுமா?

கொல்கத்தாவின் கரியாஹாட் நாற்சந்தியில், மேம்பாலத்துக்கு அடியில், இன்று இரண்டு விதமான மஞ்சள் டாக்சிகளைக் காணலாம். ஒன்று, உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர். மற்றொன்று, மஞ்சள் வண்ணம் பூசிய மாருதி வேகன் ஆர். 2025ஆம் ஆண்டு ‘எல்லோ ஹெரிடேஜ் கேப்’ என்ற பெயரில் இந்நகரில் ஓடத் தொடங்கியது. முன்னது ஆண்டுதோறும் எண்ணிக்கையில் தேய்ந்துகொண்டிருக்கிறது. பின்னது பிறக்கும்போதே மரபுச் சின்னம் என்னும் பட்டத்தோடு பிறந்திருக்கிறது. தாத்தாவின் பெயரைச் சுமப்பவன் என்பதால்தான் பெயரன் என்றோம். அது மருவிப் பேரன் ஆயிற்று. ஆனால் பெயர் சூட்டிய அளவிலேயே தாத்தாவின் நிலமும் கடனும் பேரனுக்கு வந்து சேர்ந்துவிடுவதில்லை. அதற்கு வேறு கணக்குகள் உண்டு. ஒரு கார் மற்றொரு காரின் வாரிசு என்று சொல்லும்போது எதை வைத்துச் சொல்கிறோம் என்பதே இப்பதிவின் கேள்வி.

இக்கேள்வியை நெடுங்காலமாக உரத்த குரலில் விவாதித்து வருபவர்கள் அமெரிக்கக் கார் ரசிகர்கள். ஆகவே அவர்களிடமிருந்து தொடங்குவது பயன் தரும். ‘மசில் கார்’ என்று அவர்கள் அழைக்கும் வகை, விலை மிகாத நடுத்தர அளவுக் காருக்குள் மிகப் பெரிய வி-8 எஞ்சினைத் திணித்ததால் பிறந்தது. 1964இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.வை அதன் தொடக்கமாகப் பலரும் கொள்வர். நடுத்தரக் கார்களில் அவ்வளவு பெரிய எஞ்சின் கூடாதென்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு விதி வகுத்திருந்தது. ஜான் டிலோரியனும் அவர் குழுவினரும் ஜி.டி.ஓ.வைத் தனிக் காராக அறிவிக்காமல், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாதிரிக்கான கூடுதல் வசதியாகப் பட்டியலில் சேர்த்து, அவ்விதியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமாயிற்று. தொடக்க விலை 2,368 டாலர். நுணுக்கம் பேசுவோர் மஸ்டாங்கைப் ‘போனி கார்’ என்று தனியே பிரிப்பர். நம் நோக்கத்துக்கு அப்பிரிவினை தேவையில்லை. 1970இன் தூய காற்றுச் சட்டம், ஏறிக்கொண்டே போன காப்பீட்டுக் கட்டணம், 1973இன் எண்ணெய் நெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்து அக்காலத்தை முடித்துவைத்தன. ஒரு தலைமுறை கழிந்தபின் மஸ்டாங் 2005ஆம் ஆண்டு மாதிரியிலும், டாட்ஜ் சேலஞ்சர் 2008ஆம் ஆண்டு மாதிரியிலும், செவ்ரோலே கமாரோ 2010ஆம் ஆண்டு மாதிரியிலும் 1960களின் முகத்தை மீண்டும் அணிந்து வந்தன.

பழையதையும் புதியதையும் ஒப்பிடுவோர் முதலில் வழுக்கி விழும் இடம் குதிரைத்திறன். 1970ஆம் ஆண்டுச் சேலஞ்சரின் ‘426 ஹெமி’ எஞ்சினுக்கு 425 குதிரைத்திறன் என்று நிறுவனம் அறிவித்தது. 2015ஆம் ஆண்டுச் சேலஞ்சர் ஹெல்கேட்டுக்கு 707. இவ்விரண்டு எண்களையும் அருகருகே எழுதி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது பிழை. 1972க்கு முந்தைய அமெரிக்க எண்கள், எஞ்சினைக் காரிலிருந்து தனியே பிரித்து, சைலன்சர் முதலிய சுமைகள் இன்றி அளந்தவை. பிந்தைய எண்கள் எஞ்சின் காரில் இருக்கும் நிலையை ஒட்டி அளந்தவை. போதாக்குறைக்கு, காப்பீட்டு நிறுவனங்களின் கண்ணில் படாமலிருக்கச் சில எஞ்சின்களின் திறனை வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார்கள் என்பதும் பரவலான கருத்து. அளவுகோலே மாறிய பிறகு எண்களை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிடும் பழக்கம் கார் ரசிகர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை ஆய்வுலக நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்படி அளந்தாலும் தீர்ப்பு என்னவோ ஒன்றுதான். வேகம் எடுப்பதிலும், நிற்பதிலும், வளைவில் திரும்புவதிலும், மோதினால் உள்ளிருப்பவரின் உயிரைக் காப்பதிலும் புதியதே மேல். அப்படியிருந்தும் ரசிகரின் மனம் பழையதையே நாடுகிறது. ஏன் என்று கேட்டால், வடிவம் என்பார், ஓசை என்பார். தயாரிப்பாளர்கள் இதை அப்படியே நம்பினார்கள். வடிவத்தைத் திரும்பக் கொடுத்தார்கள், ஓசையையும் கொடுத்தார்கள். 2015ஆம் ஆண்டின் நான்கு சிலிண்டர் மஸ்டாங்கில் எஞ்சினின் முழக்கத்தை உள்ளிருக்கும் ஒலிபெருக்கிகள் கூட்டிக் காட்டின. 2024இல் வந்த டாட்ஜ் சார்ஜர் டேட்டோனா மின்காரில் எஞ்சினே கிடையாது. ஆயினும் பழைய வி-8இன் உறுமலை நினைவூட்டும் செயற்கை ஓசையை எழுப்பும் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். இல்லாத எஞ்சினுக்குக் குரல் கொடுக்கும் அந்தக் கருவியைக் கேலி செய்வது எளிது. எனக்கு அதில் சிரிப்பைவிட வருத்தமே மிகுதி. ரசிகர்கள் எதையோ இழந்திருக்கிறார்கள். அது இன்னதென்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. தெரிந்த சொற்களில் ஓசை என்றார்கள், ஓசை கிடைத்தது.

இழந்தது, என் கணிப்பில், பானெட்டைத் திறக்கும் உரிமை. 1960களின் மசில் காரை வாங்கிய இளைஞன், சனிக்கிழமை பிற்பகலில் வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, இக்னிஷன் டைமிங்கைத் தானே திருத்தி, அண்டை வீட்டுக்காரனோடு பந்தயம் ஓட்டினான். அந்தக் கார் அவனுக்குப் படிக்கத் தெரிந்த நூல். இன்றைய மஸ்டாங்கின் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதற்கடியில் கணினி எழுதும் கட்டளைகள். தன் சொந்தக் காரின் மென்பொருளைப் பழுதுபார்ப்பதற்காகத் திறப்பது பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகுமா என்பதே அங்கு வழக்காயிற்று. கார் நிறுவனங்களின் எதிர்ப்பையும் மீறி 2015இல்தான் அதற்கு விலக்குக் கிடைத்தது. 2012இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வாக்காளர்கள் பழுதுபார்க்கும் உரிமையை வாக்களித்து வாங்க வேண்டியிருந்தது. ஆக, புதிய மசில் கார் பழையதன் முகத்தைச் சூடிக்கொண்டு, பழையதன் உயிராக இருந்த ஒன்றை அடைத்துவிட்டது. அந்த முகத்தைக் காட்டித்தான் விற்பனையும் நடக்கிறது.

இனி மஞ்சள் டாக்சிக்கு வருவோம். அம்பாசிடரை மசில் காருடன் ஒப்பிடுவது நகைப்புக்கு இடம் தரலாம். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும் வண்டிக்கு வலிமையின் பெயர் எப்படிப் பொருந்தும்? வலிமையால் அன்று, வரலாற்றால் பொருந்தும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையே 1950களின் பிற்பகுதியில் உத்தர்பாராவில் அம்பாசிடராயிற்று. பிறந்த நாட்டில் அந்த மாதிரி 1959இல் நின்றுபோனது. இங்கு 2014 மே வரை நீடித்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் உடல் ஏறத்தாழ அப்படியே இருக்க, உள்ளிருந்த எஞ்சின் மட்டும் மாறிக்கொண்டே வந்தது: முதலில் பழைய பெட்ரோல் எஞ்சின், பின்னர் 1,489 சி.சி. எஞ்சின், அதன்பின் டீசல், 1990களில் ஜப்பானின் இசுசு, எரிவாயு, கடைசியாக 2013இல் பாரத் நிலை நான்குக்கு உரிய டீசல். அமெரிக்காவில் புத்துயிர் பெற்ற கார்கள் பழைய முகத்துக்குள் புதிய உள்ளுறுப்புகளை வைத்ததை வடிவமைப்புப் புதுமை என்று கொண்டாடினார்கள். உத்தர்பாரா அதையே, வேறு வழியின்றி, ஐம்பது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தது.

வேறு வழியின்றி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அம்பாசிடரைப் பற்றிய ஏக்கப் பேச்சுகள் பெரும்பாலும் மறந்துவிடும் செய்தி அது. உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இந்தியாவில் கார் செய்ய அனுமதி பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்: உத்தர்பாராவில் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், நம் சென்னையில் ஸ்டாண்டர்ட். வாங்குவோர் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். காத்திருப்போர் வரிசை கலையாதவரை காரை மேம்படுத்த எவருக்கும் அவசரமில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் அந்த வரிசை கலையத் தொடங்கியது. கடைசி நிதியாண்டில் அம்பாசிடரின் விற்பனை 2,200 அளவுக்குச் சுருங்கியிருந்தது. அரசின் பாதுகாப்பில் சோம்பிக் கிடந்த ஒரு முதலாளித்துவத்தின் விளைபொருளை நாட்டின் ஆன்மா என்று பாட என்னால் இயலாது.

ஆனால் அந்தச் சோம்பலிலிருந்து, அதைச் செய்தவர்கள் எண்ணிப்பாராத ஒன்று விளைந்தது. கார் மாறாததால் உதிரிபாகமும் அதிகம் மாறவில்லை. அடிக்கடி கெட்டதால் பழுதுபார்ப்போர் பெருகினர். ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறையும் அதே வண்டியில் கற்றது. கொல்கத்தாவின் மல்லிக் பஜாரும் சென்னையின் புதுப்பேட்டையும் இத்தகைய அறிவின் சந்தைகள். எந்த வண்டியின் எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பது அங்குள்ளோரின் விரல்நுனியில் இருந்தது. எந்தக் கையேட்டிலும் இல்லை. தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாக எழுதாமல், பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாறாக எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் வாதிட்டார். அவ்வாறு எழுதினால், அம்பாசிடரின் வரலாற்றில் உத்தர்பாராவுக்கு ஓர் அத்தியாயமும் தெருவோரப் பட்டறைகளுக்குப் பல அத்தியாயங்களும் வேண்டியிருக்கும்.

வங்காளத்தின் திரைப்படம் ஒன்று இதை வெகு முன்னரே கண்டுகொண்டது. சுபோத் கோஷின் சிறுகதையைத் தழுவி ரித்விக் கட்டக் எடுத்து 1958இல் வெளிவந்த ‘அஜாந்த்ரிக்’ படத்தின் நாயகன் பிமல், சிற்றூர் ஒன்றில் டாக்சி ஓட்டுபவன். அவனுடைய வண்டி, ஜகத்தல் என்று அவன் பெயரிட்டு அழைக்கும் 1920ஆம் ஆண்டின் செவ்ரோலே. அதுவும் ஓர் அமெரிக்கக் கார்தான். இயந்திரத்தை மனிதனாக எண்ணும் ஒரு தனியனின் கதை என்பது அப்படத்துக்கான வழக்கமான வாசிப்பு. படத்தின் பெயரே இயந்திரமல்லாதது என்னும் பொருள் தருவதால் அந்த வாசிப்பு இயல்பானதே. ஆனால் பிமல் அந்த வண்டியோடு பேச முடிவது அவன் பித்தன் என்பதால் மட்டுமன்று. அதன் ஒவ்வோர் ஓசைக்கும் பொருள் தெரிந்தவன் என்பதாலும்தான். கட்டக் அந்த ஓசைகளை அத்தனை கவனத்தோடு ஒலிப்பதிவில் அமைத்திருப்பதும் அதனால்தான் என்று கருதுகிறேன். டேட்டோனாவின் செயற்கை உறுமலை எண்ணிப் பாருங்கள். அந்த ஓசையைக் கேட்டு எஞ்சினுக்கு என்ன நோய் என்று எவராலும் சொல்ல முடியாது.

2008இல் கல்கத்தா உயர்நீதிமன்றம், கொல்கத்தா பெருநகரப் பகுதியில் 15 ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்களை விலக்க ஆணையிட்டது. உற்பத்தி 2014இல் நின்றதால் கணக்கு எளிது: 2029க்குப் பிறகு இந்நகரில் அம்பாசிடர் டாக்சி ஒன்றுகூட இருக்க வழியில்லை. மும்பையில் பிரீமியர் பத்மினி டாக்சிகளின் கதை 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஆணையின் நோக்கத்தோடு எனக்கு முரண்பாடில்லை. கரியாஹாட்டின் நடைபாதையில் நாள் முழுதும் கடை பரப்பியிருப்போருக்கு டீசல் புகை அழகியல் அன்று, நுரையீரல். ஆனால் சட்டம் புகையை அளக்காமல் வயதை அளக்கிறது. நன்கு பேணி எரிவாயுவில் ஓடும் 16 ஆண்டு வண்டி வெளியேற, கவனிப்பாரற்ற எட்டு ஆண்டு டீசல் வண்டி தொடர்ந்து ஓடலாம். பராமரிப்பு என்பதற்குச் சட்டத்தின் கண்ணில் மதிப்பே இல்லை. ஐம்பது ஆண்டுகளாக எஞ்சின் மாற்றி எஞ்சின் மாற்றி ஓடிய வண்டிக்குள் அடுத்ததாக மின்மோட்டாரைப் பொருத்திச் சோதித்து அனுமதிப்பதா வேண்டாமா என்ற பேச்சே உரியபடி எழவில்லை. பழைய வண்டிகளை மின்வண்டிகளாக மாற்ற நம் மோட்டார் வாகன விதிகளில் இடமுண்டு. செலவு மிகும் என்பார்கள், இருக்கலாம். காற்றுப்பை இல்லாத பழைய உடலில் பயணி பாதுகாப்பில்லை என்பார்கள். இது வலுவான மறுப்பு, எல்லா வண்டிகளையும் காப்பாற்றச் சொல்லும் எண்ணம் எனக்கும் இல்லை.

நான் எதிர்ப்பது அந்த ஒற்றைச் சொல்லை. வேகன் ஆர் நல்ல கார். மழைக்காலத்தில் கண்ணாடியை ஏற்றிக் குளிர்சாதனத்தோடு போகலாம். பிகாரிலிருந்து வந்து வாழ்நாளெல்லாம் அம்பாசிடரின் கனத்த ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிய முதிய ஓட்டுநர், அதைவிட்டு இறங்கும்போது கண்ணீர் விடுவார் என்று எதிர்பார்ப்பது நம்மைப் போன்ற பின்னிருக்கைக்காரர்களின் கற்பனை. அவருக்கு முதுகுவலி குறையும். ஆகவே அதை டாக்சி என்று அழையுங்கள், புதிய டாக்சி என்று அழையுங்கள். மஞ்சள் பூசி, பக்கவாட்டில் நகரின் அடையாளங்களை வரைந்து, அதற்கு மரபு என்று பெயரிடும்போது, மரபு எதில் இருந்ததோ அதைக் கைவிட்டதை அந்தப் பெயரே மறைத்துவிடுகிறது.

டிராமுக்கும் இதுவே நேர்ந்தது. 1902 முதல் மின்சாரத்தில் ஓடிவரும் கொல்கத்தா டிராமை, மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே ஒரு ‘ஹெரிடேஜ்’ தடம் தவிர முற்றிலும் நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். புகை கக்காத, வயது வரம்புக்கு அஞ்ச வேண்டாத, எளியோர் ஏறக்கூடிய ஊர்தி. அதற்கும் அதே சொல். வேலைக்குப் போகிறவரை ஏற்றிச் சென்றவரை அது டிராம். வேடிக்கை பார்ப்பவரை ஏற்றினால் மரபு.

அம்பாசிடர் என்ற பெயரே 2017இல் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ குழுமத்துக்கு விலைபோனது நினைவிருக்கலாம். பெயரை விற்கலாம், வண்ணத்தைப் பூசலாம், ஓசையை ஒலிபெருக்கியில் ஊற்றலாம். கையின் பழக்கத்தைப் பிரித்தெடுத்து விற்க முடியாது. அதனால்தான் அதற்கு விலையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஆனால் அது சாகவும் அவசியமில்லை. மல்லிக் பஜாரிலும் புதுப்பேட்டையிலும் மூத்த மெக்கானிக்குகளின் பிள்ளைகள் ஸ்கேனர் வாங்கி, சென்சார்களின் மொழியைத் தாமே கற்று வருகிறார்கள். வேகன் ஆரையும் அவர்கள் திறந்துவிடுவார்கள். வாரிசு என்று எவரையேனும் அழைக்க வேண்டுமானால் நான் இவர்களைத்தான் அழைப்பேன். எரிவாயு, மின்மோட்டார்ப் பயிற்சியும் சான்றிதழும் இவர்களைத் தேடி வரட்டும். பயிற்சி நிலையங்களின் கல்வித்தகுதி விதிகள் இவர்களைப் படியிலேயே நிறுத்திவிடாமல் இருக்கட்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. வரலாறு, மானுடவியல், மொழியியல் துறைகளில் ஆய்வுத்தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இதைப் படித்தால், 2029க்கு முன் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு பட்டறைக்குப் போங்கள். எந்தப் பாகத்தை வங்காளியும் பிகாரியும் தமிழரும் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள், எந்த ஓசையைக் கேட்டு எந்தக் கோளாறைச் சொல்கிறார்கள், அசல் பாகம் கிடைக்காதபோது எதை அராவி எதில் பொருத்தினார்கள், யாரிடம் எத்தனை ஆண்டு கற்றார்கள், கற்றபோது கூலி இருந்ததா இல்லையா என்பதையெல்லாம் கேட்டு எழுதுங்கள். கூலி பற்றிய கேள்வியை மறவாதீர்கள். அதைக் கேட்காமல் எழுதும் கைவினைப் புகழுரைகள் ஏற்கெனவே நம்மிடம் மிகுதி.